பழைய மடிக்கணினியின் சார்ஜர் ஜாக் பழுது: கண்டறிவது முதல் பற்றவைத்து முடிப்பது வரை

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து வழங்கிய அந்தக் கணினிகள் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அக்கா கல்லூரிக்குக் கொண்டுபோன கணினியில் தம்பி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். பேட்டரி செத்து வெகுநாளானதால் சார்ஜர் எப்போதும் செருகியபடியே கிடக்கிறது. இப்படி ஓடும் கணினிக்குச் சார்ஜர் செருகும் ஜாக்தான் உயிர்நாடி. அது தளர்ந்துவிட்டால், சார்ஜர் கம்பியின் முனையிலுள்ள பின்னை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் கணினி ஓடும். கை நழுவினால் சேமிக்காத வேலையோடு அணைந்துவிடும்.

கடைக்குக் கொண்டுபோனால் சில இடங்களில் திறந்துகூடப் பார்க்காமல் ‘போர்டு போச்சு’, அதாவது மதர்போர்டே கெட்டுவிட்டது, என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலான வேளைகளில் போர்டு போகவில்லை. இது மின்சாரப் பழுதைப் போலத் தோன்றினாலும் உண்மையில் நெம்புதலால் வரும் பழுது: மெல்லிய போர்டில் நான்கைந்து கால்களால் பற்றவைக்கப்பட்டு நிற்கும் ஜாக்கை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின் ஆண்டுக்கணக்கில் மேலும் கீழும் அசைத்து, கால்களைச் சுற்றியுள்ள ஈயத்தில் விரிசல் விட வைக்கிறது. போர்டு உண்மையிலேயே பாழாவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அதாவது, சரிசெய்கிறேன் என்று பழைய ஜாக்கை அவசரமாக இழுத்துப் பிடுங்கும்போது. ஆகவே எங்கே துண்டிப்பு இருக்கிறது என்பதைத் திறப்பதற்கு முன்பே உறுதிப்படுத்துவதும், பழைய ஜாக்கைச் சேதமில்லாமல் கழற்றுவதும்தான் இந்த வேலையின் கடினமான பகுதிகள். மற்றவை பொறுமையால் ஆகக்கூடியவை.

இவ்வழிகாட்டி உருளை வடிவப் பின் கொண்ட, ஏறத்தாழ 18.5 முதல் 20 வோல்ட் வரை வாங்கும் பழைய கணினிகளுக்கானது. டைப்-சி வாய் கொண்டவற்றில் கால்கள் மிகச் சிறியவை, மிக நெருக்கமானவை; நுண்ணோக்கியும், சூடான காற்றை ஊதி ஈயத்தை உருக்கும் ஹாட் ஏர் கருவியும் இல்லாதவர்கள் அவற்றைத் தொட வேண்டாம்.

குறை எங்கே என்று உறுதிப்படுத்துதல்

ஜாக்கின் மேல் பழி போடுவதற்கு முன் சுவரிலிருந்து வரிசையாக வர வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஒதுக்கிவிட்டு, இறுக்கமான சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். அடாப்டருக்குள் நுழையும் மூன்று பின் கம்பியின் முனை தளர்ந்திருப்பதும் உண்டு. அந்தக் கம்பியை மட்டும் மாற்றினால் முடிந்துபோகும் பழுதுக்குக் கணினியைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள். ‘எங்கள் ஊரில் லோ வோல்டேஜ், அதனால்தான் சார்ஜ் ஏறவில்லை’ என்பதும் அடிக்கடி கேட்கும் விளக்கம். அடாப்டரின் லேபிளைப் பார்த்தால் உள்ளே வாங்குவது 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். சாயங்காலத்தில் மின்னழுத்தம் 170-க்கு இறங்கினாலும் அது வெளியே தரும் வோல்ட் மாறாது.

அடுத்து மல்டிமீட்டரை 200 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். 20 வோல்ட் அளவில் வைத்தால், 20 வோல்ட் அடாப்டர் சற்றே கூடுதலாகத் தரும்போது மீட்டர் எண்ணைக் காட்டாமல் வெறும் 1 என்று நிற்கும். அதைப் பார்த்து அடாப்டர் கெட்டுவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. சாதாரண உருளைப் பின்னில் உள்துளை பாசிட்டிவ், வெளிச்சுற்று நெகட்டிவ். டெல் கணினிகளிலும் எச்பியின் பல கணினிகளிலும் பின்னின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது மின்சாரம் கடத்துவதற்கானது அல்ல. அடாப்டர் எத்தனை வாட் என்பதைக் கணினிக்குத் தெரிவிக்கும் அடையாளக் கம்பி. இவற்றில் உருளையின் உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையேதான் அளக்க வேண்டும். மீட்டர் முனையால் ஊசியை உட்சுவரோடு சேர்த்துவிட்டால் அடாப்டருக்குள் இருக்கும் அடையாளச் சில்லு பழுதாகலாம்.

லேபிளில் உள்ள எண்ணிலிருந்து அரை வோல்ட்டுக்குள் அளவு வந்தால் சரி. டெல்லில் வழக்கமாக 19.5, பழைய எச்பியில் 18.5, ஏசரில் 19, லெனோவோவில் 20 வோல்ட் இருக்கும். மீட்டரைப் பிடித்தபடியே, பின்னுக்குப் பின்னால் கம்பி வளையும் கழுத்துப் பகுதியையும், அடாப்டர் பெட்டியிலிருந்து கம்பி வெளியேறும் இடத்தையும் மடக்கிப் பாருங்கள். எண் துள்ளினால் குறை கம்பியில் இருக்கிறது, ஜாக்கில் இல்லை. அதற்குப் பின்னோடு கூடிய டிசி கம்பி தனியாகக் கிடைக்கும்.

வெறுமனே அளக்கும்போது சரியாகக் காட்டும் அடாப்டர், பளு ஏறியதும் படுத்துவிடலாம். இதைச் சோதிக்க ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் லாரி இண்டிகேட்டர் பல்பு, அதாவது 24 வோல்ட் 21 வாட் பல்பு, போதுமானது. பின்னுக்கு ஏற்ற சாக்கெட் ஒன்றில் இரு கம்பிகளைப் பற்றவைத்து அந்தப் பல்பை இணைத்தால் ஏறத்தாழ முக்கால் ஆம்பியர் இழுக்கும். முதல் நொடியில் ஒருமுறை மினுங்கினால் கவலைப்பட வேண்டாம். குளிர்ந்த இழை தொடக்கத்தில் கூடுதலாக மின்சாரம் இழுப்பதால் சில அடாப்டர்கள் அப்படி நின்று கிளம்பும். பல்பு நிலையாக எரிய, வோல்ட்டும் குறையாமல் நின்றால் அடாப்டரை நம்பலாம்.

பின்னின் அளவு வேறு ஒரு பெரிய ஏமாற்று. ஏசர் கணினிகள் பலவற்றில் பின்னின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்துளை 1.7. ஆசுஸ், தோஷிபா கணினிகள் பலவற்றில் வெளிவிட்டம் அதே 5.5, உள்துளை மட்டும் 2.5. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. 2.5 துளை கொண்ட மாற்று அடாப்டரை 1.7 ஊசி கொண்ட ஜாக்கில் செருகினால், உள்ளே நுழையும், ஒரு பக்கம் சாய்த்தால் சார்ஜும் ஏறும். இது ஜாக் பழுதைப் போலவே நடிக்கும். மாற்று அடாப்டர் வாங்கிய பிறகு லூஸ் காண்டாக்ட் தொடங்கியது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடாப்டரில் மட்டும் கணினியை ஓடவிட்டுப் பின்னை மெல்ல அசையுங்கள். அசைவுக்கு ஏற்ப விளக்கு மினுங்கினாலோ, அந்த இடம் கைச்சூட்டுக்கு மேல் சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ ஜாக்தான். செருகியதும் அடாப்டரின் விளக்கே அணைந்துவிட்டால் கணினிக்குள் எங்கோ ஷார்ட் இருக்கிறது. வளைந்துபோன ஜாக் அதற்குக் காரணமாகலாம், போர்டில் வேறு உறுப்பும் காரணமாகலாம். டெல் கணினி ஓடுகிறது, ஆனால் அடாப்டரின் வகை தெரியவில்லை என்று செய்தி காட்டிப் பேட்டரியை ஏற்ற மறுக்கிறது, வேகமும் குறைகிறது என்றால், அடையாள ஊசியின் பாதையில் துண்டிப்பு இருக்கிறது. அது அடாப்டரிலும் இருக்கலாம், ஜாக்கிலும் இருக்கலாம். வேறொரு அசல் அடாப்டரைச் செருகிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

கருவிகளும் உதிரிப் பாகமும்

சிறிய ஸ்டார் ஸ்குருடிரைவர், பயன்படாத ஏடிஎம் அட்டை, மல்டிமீட்டர், மெல்லிய முனை கொண்ட கட்டர், ஈயம் உறிஞ்சும் பம்ப், உருகிய ஈயத்தை ஈர்த்தெடுக்கும் செம்பு விக், ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ரோசின் ஃப்ளக்ஸ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பல்துலக்கி ஆகியவை வேண்டும். ஆசிட் கலந்த ஃப்ளக்ஸ் பக்கமே போக வேண்டாம். அது போர்டை அரித்துவிடும்.

சால்டரிங் அயர்னைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் இருக்கும் 25 வாட் அயர்ன் ரேடியோ, ஸ்பீக்கர் வேலைகளுக்கு நல்லது. இந்த வேலைக்குப் போதாது. ஜாக்கின் நெகட்டிவ் கால்கள் போர்டின் உள்ளடுக்குகளில் பரந்து கிடக்கும் செம்புத் தகட்டோடு இணைந்திருக்கின்றன. அயர்ன் கொடுக்கும் சூட்டை அந்தத் தகடு உடனுக்குடன் இழுத்துக்கொள்வதால், சிறிய அயர்னை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஈயம் பாதி உருகிய கூழாகவே நிற்கும். கையோ பொறுமை இழந்து நெம்பத் தொடங்கும். சூடு கட்டுப்படுத்தக்கூடிய 60 வாட் அயர்னும், உளி போல் தட்டையான முனையும் இங்கே செலவுக்கு உரிய மதிப்பைத் தரும்.

பற்றவைக்கும் ஈயத்தில் 63/37 (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) என்று குறித்த, 0.8 மில்லிமீட்டர் கம்பியை வாங்குங்கள். அது 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பின், கணினி நிறுவனங்கள் காரீயம் கலக்காத, ஏறத்தாழ 217 டிகிரியில் உருகும் கலவைக்கு மாறின. அந்தப் பழைய பற்றவைப்போடு நம் ஈயம் கலக்கும்போது உருகும் சூடு இறங்கிவிடுகிறது. கழற்றும் வேலைக்கு இதுவே அடிப்படை உத்தி.

உதிரி ஜாக் பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். மதுரை டவுன் ஹால் ரோட்டைச் சுற்றியுள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரிக்கும்போது கணினியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணும், பழைய ஜாக்கை அளவுகோலோடு சேர்த்து மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்த படமும் கையில் இருக்க வேண்டும். ஒரே வாய் அளவுள்ள ஜாக்குகளில் கால்களின் எண்ணிக்கையும் இடைவெளியும் உயரமும் மாறுபடும். ‘கொஞ்சம் வளைச்சா உக்காந்துரும்’ என்று தரப்படும் ஜாக்கை வாங்காதீர்கள். வளைத்து உட்கார வைத்த கால் முதல் நாளிலிருந்தே விசையைத் தாங்கிக்கொண்டு நிற்கும்.

கணினியைப் பிரித்தல்

அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, மின் பொத்தானை 20 நொடி அழுத்திப் பிடித்து உள்ளே தங்கிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பேட்டரி உள்ளே பொருத்தப்பட்ட வகை என்றால், அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் கனெக்டரைப் பிரிப்பது. பேட்டரி உப்பியிருந்தால் அதை நெம்பவோ குத்தவோ கூடாது.

ஸ்குரூக்கள் ரப்பர் கால்களுக்கு அடியிலும், ஸ்டிக்கருக்கு அடியிலும், டிவிடி டிரைவ் இருந்த குழியிலும் ஒளிந்திருக்கும். ஓர் அட்டையில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஸ்குரூவை அதனதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான ஸ்குரூவைக் குட்டையானதற்கு உரிய துளையில் முறுக்கினால் அது மேல்மூடியைப் பிதுக்கும், சில வேளை போர்டையே துளைக்கும். ஸ்குரூ எல்லாம் எடுத்தும் மூடி வராவிட்டால் இன்னும் ஒன்று எங்கோ இருக்கிறது என்று பொருள். பலத்தைப் பயன்படுத்துவதற்கு அது காரணமாகாது.

விசைப்பலகையின் தட்டைக் கம்பியைப் பிடித்திருக்கும் சின்னப் பூட்டு பழைய கணினிகளில் உடையக்கூடியது. சில பூட்டுகள் மேல்நோக்கித் திறக்கும், சில முன்னோக்கி நகரும். நகத்தால் இரு ஓரத்தையும் சமமாகத் தள்ளிய பிறகே கம்பியை இழுக்க வேண்டும். வைஃபை அட்டையின் கறுப்பு, வெள்ளைக் கம்பிகள் எந்த முனையில் இருந்தன என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டை வெளியே எடுக்க ஹீட்சிங்க்கைக் கழற்ற நேர்ந்தால், திரும்பப் பொருத்தும்போது பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தாக வேண்டும்.

கம்பியோடு வரும் ஜாக்

திறந்தவுடன் ஜாக் இரண்டில் எந்த வகை என்பது தெரியும். சட்டத்தில் உட்கார்ந்து, சிறு கம்பிக் கொத்தின் வழியாகப் போர்டில் செருகப்பட்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பழைய கம்பிக் கொத்து போன வழியைக் கவனித்துக் கழற்றி, புதியதை அதே பள்ளங்களின் வழியாகவே கொண்டுபோய்ச் செருகினால் வேலை முடிந்தது. திரையின் கீல் அருகே கம்பி நசுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போர்டுப் பக்கக் கனெக்டரில் பழுப்பேறிய அல்லது உருகிய தடம் இருந்தால் அங்கும் தளர்வு இருந்திருக்கிறது. புதிய கொத்து மட்டும் அதைத் தீர்க்காது.

போர்டில் பற்றவைத்த ஜாக்கைக் கழற்றுதல்

முதலில் லென்ஸ் வைத்து, போர்டின் பின்புறம் ஜாக்கின் கால்களைப் பாருங்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் செருகும் கண்ணாடி இதற்குச் சிறந்தது. கால் நடுவே நிற்க, அதைச் சுற்றி ஈயத்தில் கறுத்த மெல்லிய வளையம் ஒன்று ஓடும். பின்னைச் செருகி அசைத்தால், அந்த வளையத்துக்குள் கால் மட்டும் தனியாக ஆடுவதைக் கண்ணால் காணலாம். இந்த வளையம் மட்டும்தான் குறை, ஜாக்கின் உள்தகடு இன்னும் இறுக்கமாகப் பின்னைப் பிடிக்கிறது என்றால், ஜாக்கை மாற்ற வேண்டிய தேவை இல்லை. ஃப்ளக்ஸ் இட்டு, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதிய ஈயம் வைத்தாலே போதும். பழைய ஈயத்தின் மேலேயே புதியதை அப்பிவிடுவது சில மாதங்களில் திரும்பி வரும் வேலை.

உள்தகடு தளர்ந்தோ, பிளாஸ்டிக் உருகியோ, ஊசி முறிந்தோ இருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது ஜாக்கை முழுதாகக் காப்பாற்றிக் கழற்ற நினைக்காதீர்கள். எல்லாக் கால்களையும் ஒரே நேரத்தில் உருக வைப்பது ஹாட் ஏர் இல்லாமல் கடினம். ஒரு காலை உருக்கி ஜாக்கைச் சற்றுச் சாய்த்து, பிறகு அடுத்த காலை உருக்கிச் சாய்ப்பது என்ற வழக்கமான முறையில்தான் துளையின் உள்சுவரில் பூசிய செம்புக் குழாய் பிய்ந்து கையோடு வருகிறது. போர்டுக்கு மேலே நிற்கும் ஜாக்கைக் கட்டரால் துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள்: முதலில் வெளித் தகட்டுக் கூடு, பிறகு பிளாஸ்டிக், கடைசியில் ஒவ்வொரு காலும் தனித்தனியாக நிற்க வேண்டும். வெட்டும்போது கட்டரைத் திருகக் கூடாது. அருகிலுள்ள சிறு உறுப்புகளைச் சூடு தாங்கும் கேப்டான் (Kapton) டேப்பால் மூடிவிடுங்கள்.

இனி ஒவ்வொரு காலாக எடுக்கலாம். அயர்னை 350 முதல் 380 டிகிரிக்குள் வையுங்கள். காலின் மேல் ஃப்ளக்ஸ் தடவி, முனையை வைத்து, நம்முடைய 63/37 ஈயத்தைத் தாராளமாகச் சேருங்கள். பழையதும் புதியதும் கலந்து பளபளவென்று நீராக ஓடத் தொடங்கும் கணம் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன் எதையும் இழுக்கக் கூடாது. ஓடத் தொடங்கியதும் மறுபக்கம் இடுக்கியால் காலைத் தொட்டால் அதுவாக வழுக்கி வரும். பலம் தேவைப்படுகிறது என்றால் ஈயம் இன்னும் முழுதாக உருகவில்லை. நெகட்டிவ் காலில் மட்டும் அடம்பிடித்தால், போர்டின் அந்த மூலையை ஹேர் டிரையரால் ஓரிரு நிமிடம் சூடேற்றிவிட்டு முயலுங்கள். சீலிங் ஃபேனையும் நிறுத்த வேண்டும். சித்திரை மாதத்து மதுரையில் அப்படிச் சொல்வது கொடுமைதான். ஆனால் தலைக்கு மேல் ஓடும் காற்று முனையையும் போர்டையும் குளிரவைத்து வேலையை இரட்டிப்பாக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள், புகையை மூச்சில் இழுக்காதீர்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

கால்கள் வந்த பிறகு துளைகளில் ஈயம் அடைத்திருக்கும். ஒரு பக்கம் அயர்னும் மறுபக்கம் பம்ப்பும் வைத்தால் பெரும்பாலும் ஒரே இழுப்பில் திறந்துவிடும். மிச்சத்தை விக் எடுக்கும். பிடிவாதமான துளைக்கு மருந்துக்கடையில் வாங்கும் ஊசி உதவும். எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது என்பதால், துளையை உருக்கி, ஊசியை நுழைத்து, ஆறியதும் சுழற்றி எடுத்தால் துளை திறந்திருக்கும். துரப்பணத்தால் குடையக் கூடாது. அது உள்சுவர்ச் செம்பையே சீவி எடுத்துவிடும்.

ஆல்கஹாலும் பல்துலக்கியும் கொண்டு இடத்தைச் சுத்தம் செய்து, கருகிய பகுதி உண்டா என்று பாருங்கள். கரியான போர்டு மின்சாரத்தைக் கடத்தும். கறுப்பு மறைந்து பச்சையோ வெளிர் நிறமோ தெரியும் வரை அதைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

புதிய ஜாக்கைப் பொருத்துதல்

முதலில் ஈயம் இல்லாமல் உட்கார வைத்துப் பாருங்கள். ஜாக்கின் அடிப்பரப்பு போர்டோடு இடைவெளியின்றிப் படிய வேண்டும். பிறகு ஒரே ஒரு காலை மட்டும் லேசாகப் பற்றவைத்து, போர்டை அடிச்சட்டத்தில் வைத்து, வெளியிலிருந்து அடாப்டர் பின்னைச் செருகிப் பாருங்கள். அடாப்டர் சுவரில் செருகப்பட்டிருக்கக் கூடாது. பின் சட்டத்தின் ஓட்டையில் உரசாமல் நேராக நுழைந்தால் மற்றக் கால்களுக்குப் போகலாம். கோணலாக இருந்தால் அந்த ஒரு காலை உருக்கித் திருத்துவது எளிது; எல்லாவற்றையும் பற்றவைத்த பிறகு திருத்துவது மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்குச் சமம்.

அயர்ன் முனை காலையும் போர்டின் செம்பு வளையத்தையும் ஒருசேரத் தொட வேண்டும். ஈயத்தை அயர்னில் உருக்கிச் சொட்டவிடாமல், சூடான காலில் வைத்து உருக்குங்கள். துளைக்குள் இறங்கி மறுபக்கமும் ஈயம் எட்டிப் பார்த்தால்தான் பற்றவைப்பு நிறைவு. நல்ல பற்றவைப்பு காலை நோக்கிச் சரிந்தேறும் பளபளப்பான சிறு மேடாக இருக்கும். உருண்டையாகத் திரண்டு நின்றால் ஈயம் ஒட்டவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் கடத்தாத, ஜாக்கைப் பிடித்து நிறுத்த மட்டுமே உள்ள தடித்த கால்களையும் அரைகுறையாக விட்டுவிடாதீர்கள். நெம்புதலைத் தாங்குபவை அவைதான்.

துளையின் செம்பு ஏற்கெனவே பிய்ந்திருந்தால், அந்தக் கால் முன்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத் தேடுங்கள். பாசிட்டிவ் காலிலிருந்து தடித்த தடம் கிளம்பி, அருகிலேயே ஒரு ஃபியூஸையோ காயிலையோ, அதன் பிறகு மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டையோ அடையும். காலிலிருந்து அந்த முதல் உறுப்பின் முனைக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியை நேராகப் பற்றவைக்கலாம். 65 வாட் அடாப்டர் தரும் மூன்றேகால் ஆம்பியர் அளவை அது சூடேறாமல் தாங்கும். மெல்லிய ஹெட்ஃபோன் கம்பியைக் கொண்டு ஒப்பேற்றுவது தீப்பிடிக்கும் வேலை. நெகட்டிவ் பிய்ந்தது என்றால் அருகிலுள்ள ஸ்குரூ துளையின் செம்பு வளையம் பெரும்பாலும் அதே இணைப்புதான். மீட்டரில் உறுதி செய்துகொண்டு அங்கே பற்றவைக்கலாம்.

மூடுவதற்கு முன் சோதனை

மின்சாரம் கொடுப்பதற்கு முன் மீட்டரின் பீப் அளவில் ஜாக்கின் நெகட்டிவ் காலையும் யூஎஸ்பி வாயின் உலோகக் கூட்டையும் தொடுங்கள். பீப் கேட்க வேண்டும். பாசிட்டிவ் காலுக்கும் ஃபியூஸுக்கும் இடையேயும் கேட்க வேண்டும். பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே மட்டும் தொடர்ந்து கேட்கவே கூடாது. அங்கே ஓம் அளவில் எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால் நல்லது, கெப்பாசிட்டர்கள் நிரம்புகின்றன. ஓர் ஓமுக்கும் கீழே அசையாமல் நின்றால் ஷார்ட்; கால்களுக்கு இடையே வழிந்த ஈயத்தைத் தேடுங்கள். டெல் வகையில் அடையாளக் கால் மற்ற இரண்டோடும் ஒட்டாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இனிப் பேட்டரி இல்லாமல் அடாப்டரை இணைக்கலாம். போர்டு மரமேசையிலோ அட்டையிலோ இருக்க வேண்டும், உலோகத்தின் மேல் கூடாது. அடாப்டரின் விளக்கு அணைந்தால் உடனே பிடுங்குங்கள். அணையாவிட்டால் ஜாக்கின் கால்களில் வோல்ட்டை அளந்து, கணினியை இயக்கி, பேட்டரியைப் பொருத்திச் சார்ஜ் ஏறும்போது மறுபடி அளந்து பாருங்கள். 19.5 வோல்ட் 19-க்கு இறங்குவது இயல்பு. கம்பியிலேயே கொஞ்சம் இழப்பு உண்டு. 17-க்கு விழுந்தாலோ, பின்னை அசைக்கும்போது எண் துள்ளினாலோ, எங்கோ பற்றவைப்பு சரியில்லை. அரை மணி நேரம் ஓடவிட்டு ஜாக்கின் மேல் விரல் வையுங்கள். இளஞ்சூடு சரி, விரலை எடுக்க வைக்கும் சூடு சரியல்ல.

பற்றவைத்துப் பழக்கமே இல்லாதவர்கள் முதன்முதலாகத் தங்கள் கணினியிலேயே இதைச் செய்யக் கூடாது. பழைய டிவிடி பிளேயர் போர்டு ஒன்றைக் காயலான் கடையில் வாங்கி, அதிலுள்ள சாக்கெட்டுகளைத் துளை பிய்யாமல் கழற்ற வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. வராவிட்டால் கடைக்குக் கொடுப்பதில் குறைவொன்றும் இல்லை. கொடுக்கும்போது ஜாக் புதிதாக மாற்றப்படுமா, பழைய ஈயத்தின் மேல் அப்பப்படுமா என்று கேளுங்கள். கழற்றிய ஜாக்கைத் திருப்பித் தரவும் சொல்லுங்கள்.

திரும்ப வராமல் இருக்க

ஜாக் முறிந்த காரணம் அப்படியே இருந்தால் புதியதும் அதே வழியில் போகும். கட்டிலில் படுத்துக்கொண்டு வயிற்றின் மேல் கணினியை வைப்பவர்களின் பின் மெத்தையில் அழுந்தி மேல்நோக்கி நெம்பும். ஜாக் பக்கவாட்டில் உள்ள கணினி என்றால் எல் வடிவப் பின் கொண்ட கம்பி இந்த நெம்புதலை வெகுவாகக் குறைக்கும். அடாப்டர் பெட்டி மேசையிலிருந்து தொங்கக் கூடாது.

பெரும்பாலும் கவனிக்காமல் விடப்படுவது அடிச்சட்டம். ஜாக்கைச் சுற்றி அணைத்து நிற்கும் பிளாஸ்டிக் தொட்டில் பழைய கணினிகளில் உடைந்து துகளாகியிருக்கும். அப்போது பின்னின் முழு விசையும் கால்களில் நேரடியாக இறங்கும். சோதனை எல்லாம் முடிந்த பிறகு, உடைந்த தொட்டிலை இரு கலவை எபாக்சி பசையால் கட்டியெழுப்பி, ஜாக்கின் பின்முதுகு அதில் சாய்ந்து நிற்கும்படி செய்யுங்கள். சூட்டில் இளகிவிடும் என்பதால் ஹாட் க்ளூ இதற்கு ஆகாது. பசை ஜாக்கின் வாய்க்குள்ளும் போர்டின் மேலும் வழியாதபடி டேப் ஒட்டி, ஓர் இரவு முழுவதும் உலரவிட்ட பிறகே மூடியைப் பொருத்துங்கள்.